திவான் பகதூர் வேண்டும், ‘பறையன்’ மட்டும் வேண்டாமா?

செப்டம்பர் வந்தால் காஞ்சிபுரத்தில் கொடிக்கம்பங்களுக்கு வேலை அதிகம். 15ஆம் தேதி அண்ணா பிறந்தநாள். அண்ணா நினைவு இல்லத்தின் முன்னால் கட்சிக் கார்கள் வரிசைகட்டி நிற்கும். 17ஆம் தேதி பெரியார் பிறந்தநாள். மாலை, உறுதிமொழி, மைக் செட். 18ஆம் தேதி காலையில் போஸ்டர்கள் வெயிலில் உரியத் தொடங்கும், பந்தல்காரர் துணியை மடித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த 18ஆம் தேதியும் ஒரு நினைவுநாள்தான். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவரும் எழுத்தாளர். அவரும் பத்திரிகை ஆசிரியர். அவரும் சட்டமன்றத்துக்குப் போனவர். வேற்றூர்க்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. மதுராந்தகத்தை ஒட்டிய கோழியாளம் அவர் பிறந்த ஊர். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோழியாளம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமம். பட்டுக்கும் கோயிலுக்கும் அண்ணாவுக்கும் பெயர்போன மாவட்டம் என்று பெருமை பேசுகிறவர்களின் பட்டியலில் இந்தப் பெயர் மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. எப்படி விட்டுப்போகிறது என்பதைத்தான் பேசப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் அண்ணாவைச் சிறுமைப்படுத்த வரவில்லை. ஒரு நெசவாளர் குடும்பத்துப் பையன் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து, இந்த ஊரிலிருந்தே 1942இல் ‘திராவிட நாடு’ பத்திரிகையைத் தொடங்கி, எழுத்தையே ஏணியாக்கிக் கோட்டைக்குப் போனது சாதாரணக் கதையல்ல. அவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள் என்பதும் அதே கதையில் சேர்த்துப் படிக்கவேண்டிய பக்கம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே எங்கள் சண்டை வேறு. ‘பேனாவை எடுத்தான், பத்திரிகை நடத்தினான், ஆட்சியைக் கேள்வி கேட்டான்’ என்ற கதையை 1942இலிருந்து தொடங்குகிறார்களே, அந்தக் கணக்கோடு எங்கள் சண்டை. அந்தக் கதைக்கு 1893 என்றொரு வருடம் இருக்கிறது.

1893 அக்டோபர். சென்னையில் நான்கு பக்கத்தில், இரண்டணா விலையில் ஒரு மாதப் பத்திரிகை வருகிறது. பெயர் ‘பறையன்’. விளம்பரத்துக்கும் அச்சுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய் செலவானது என்றும், இரண்டே நாளில் சென்னையில் மட்டும் நானூறு பிரதிகள் விற்றுப்போயின என்றும் சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மூன்று மாதத்தில் அது வாரப் பத்திரிகை ஆனது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. ஏழு வருடம் ஓடியது. ஒரு வாசகர் கடிதத்தை வெளியிட்டதற்காக அவதூறு வழக்கு வந்தது, ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம் போட்டார்கள், சமூகத்தார் முன்வந்து கட்டினார்கள்.

நூறு ரூபாய் அன்றைக்கு என்ன பணம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டணா பத்திரிகை எண்ணூறு விற்றால்தான் நூறு ரூபாய். சேரியில் கூலி வாங்கிப் பிழைத்தவர்களும், வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்களும், ரயில்வேயில் உடம்பை முறித்தவர்களும் தங்கள் பத்திரிகைக்காக நீதிமன்ற வாசலுக்கு வந்த காலம் அது. பூனா வழியாகவும் பம்பாய் வழியாகவும் மட்டும் தலித் வரலாற்றைப் படிக்கிறவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுக்கொள்ளலாம். அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920 ஜனவரியில் வந்தது. ‘பறையன்’ அதற்கு 26 வருடம் மூத்தது. இதற்கும் முன்னால், 1869இலேயே, ‘சூரியோதயம்’ என்ற தலித் பத்திரிகை சென்னையில் வந்திருக்கிறது. ஜெ.பாலசுப்பிரமணியம் இந்த வரிசையைத் தோண்டி எடுத்து ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்று புத்தகமாகவே போட்டிருக்கிறார். வாங்கிப் படியுங்கள். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் 1847இல் ‘நார்த் ஸ்டார்’ தொடங்கியதை நம் மேடைகளில் சிலாகித்துப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் சொந்த ஜில்லாக்காரர் தொடங்கிய பத்திரிகையின் பெயரைச் சொல்ல ஏன் நாக்கு குழறுகிறது?

குழறுவதைக் கண்ணால் பார்த்தோம். இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் அவரைப் பற்றி ஒரு கூட்டம் நடத்த எங்கள் மாணவத் தோழர்கள் அனுமதி கேட்டார்கள். அழைப்பிதழ் மாதிரியைக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது ஒரே ஒரு சொல்லின்மேல் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். “திவான் பகதூர்னு பெருசா போட்டுக்கோங்க தம்பி, அந்தப் பத்திரிகை பேரு மட்டும் வேணாம், யாராவது கம்ப்ளெயின்ட் கொடுத்துட்டா எங்களுக்குத்தான் பிரச்சினை” என்றார்கள். அவமதிக்கும் நோக்கம் இல்லை, அக்கறையோடுதான் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அக்கறையில்தான் வரலாறு செத்துப்போகிறது. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம் அச்சில் வரலாம், அவரே தேர்ந்தெடுத்த பெயர் வரக்கூடாதாம்.

அந்தச் சொல் வசைச்சொல்லாகப் புழங்குகிறது என்பது எங்களுக்குத் தெரியாதா? தெருவில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆதிக்கச் சாதிக்காரன் எங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடுவோம், போட்டும் இருக்கிறோம். ஆனால் சொல்கிறவன் யார், எதற்குச் சொல்கிறான் என்று பார்க்காமல் சொல்லையே புதைத்துவிட்டால் லாபம் யாருக்கு? சீனிவாசனின் வாதம் எளிமையானது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மறைத்துக்கொண்டால் அவர்களுக்கான உரிமையை எந்தப் பெயரில் கேட்பது? எதைச் சொல்லி இழிவுபடுத்துகிறாயோ அதையே தலைப்பில் போட்டு, உன் வீட்டுத் திண்ணைக்கு இரண்டணாவுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று நின்றார். அதில் இருந்த துணிச்சல் இன்றைக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்களுக்கு இல்லை.

அந்தத் துணிச்சல் அவருக்குப் பிறவியிலேயே வந்ததுமல்ல. கோயம்புத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள் என்று எழுதியிருக்கிறார். பேச்சு கொடுத்தால் ஊர், உறவு, குலம் என்று விசாரிப்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் கொடுமை செய்வார்கள் என்று பயந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பாராம், மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். இதைப் படிக்கிற தம்பி, தங்கைகள் யாருக்காவது விடுதியில், வகுப்பில், முதல் வேலையில் இது நடக்கவில்லையா? ‘உங்க சைடு எந்த ஊரு?’ என்று பேச்சை ஆரம்பிப்பவரிடம் பதில் சொல்லாமல் நழுவியதில்லையா? மணி அடிக்கும்வரை வெளியே ஒளிந்திருந்த அந்தப் பையன்தான் வளர்ந்து தன் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தான்.

நம் வீட்டுக்குள்ளேயும் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சீனிவாசனுக்கு மைத்துனர் முறை. சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். ‘பறையன்’ என்ற பெயரே பிறர் சுமத்திய இழிவு, நாம் பூர்வ பௌத்தர்கள், சாதியற்ற திராவிடர்கள் என்பது பண்டிதரின் கட்சி. 1907இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியதும் அந்தக் கட்சியை வாரவாரம் எழுதத்தான். ஒருவர் சுமத்தப்பட்ட பெயரைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதையே பிடித்துக்கொண்டு திருப்பி அடித்தார். யார் சரி என்று இன்றைக்கும் எங்கள் கூட்டங்களில் ராத்திரி பதினோரு மணிவரை சண்டை நடக்கும். நடக்கட்டும். இரண்டு பத்திரிகையாசிரியர்கள், அதிலும் மாமன் மச்சான்கள், ஒரு சொல்லுக்காக இத்தனை எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்தச் சமூகம் எவ்வளவு யோசித்திருக்கிறது! அந்த விவாதத்தை ஊர் தெரிந்துகொள்ளவே கூடாது என்றுதான் சிவப்பு மை அடிக்கிறது.

இப்போது பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். ‘வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்.’ முகநூலில் அவர் படம் போட்டால் பத்தாவது நிமிடம் யாராவது இதை எழுதுவார்கள். ஆதாரமாக எடுத்துக் காட்டுவதும் 1893ஐத்தான். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் சமகாலத்தில் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் அந்த வருடம் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து மனு தயாரித்தவர் சீனிவாசன். 3,412 கையெழுத்து, 112 அடி நீளம். ஜெனரல் செஸ்னி என்பவர் வழியாக அதைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இந்தியாவில் தேர்வு வைத்தால் இந்தியர்கள் அதிகாரிகள் ஆவார்கள். அதைத் தடுத்தவர் துரோகிதானே என்கிறார்கள்.

எந்த இந்தியர்கள்? 400க்கு 390 என்ற வகுப்பில் உட்கார்ந்து எழுந்த மனிதர் அவர். அந்த வகுப்பிலிருந்து யார் தேர்வு எழுதுவார்கள், யார் கலெக்டராக வந்து சேரியின் மனுவை வாங்குவார்கள் என்று அவருக்குக் கணக்கு தெரியும். பள்ளிக்கூடக் கதவே திறக்காதபோது பரீட்சைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது ஏமாற்று வேலை.

இந்த வாதத்தை நீங்கள் வேறு எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருப்பீர்கள். நீட் தேர்வுக்கு எதிராகத் தமிழ்நாடு முழுவதும் சொல்வது இதைத்தானே? பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளையும் லட்சக்கணக்கில் கோச்சிங் கட்டுகிற பிள்ளையும் ஒன்றா என்று கேட்கிறோம். சட்டமன்றமே ஒருமனதாகக் கேட்கிறது. 1893இல் ஒரு பறையர் இதைக் கேட்டால் துரோகம், இன்றைக்கு எல்லோரும் கேட்டால் சமூகநீதி. நல்ல நியாயம்!

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1925 நவம்பரில் காங்கிரஸ் மாநாடு நடந்தது இதே காஞ்சிபுரத்தில். திரு.வி.க. தலைமை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார், அனுமதி மறுக்கப்பட்டது, மாநாட்டை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டின் அரசியலைத் திருப்பிப்போட்ட வெளியேற்றம் என்று அதைப் பாடமாகச் சொல்லித்தருகிறோம். சரிதான். ஆனால் அந்த மாநாட்டுக்கு 32 வருடம் முன்னாலேயே, எண்ணிக்கையில் பெரும்பான்மை ஒரு பக்கம், பதவியெல்லாம் இன்னொரு பக்கம் என்ற கணக்கை 112 அடிக் காகிதத்தில் எழுதிக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். பெரியார் பங்கு கேட்டார், சீனிவாசன் தடுக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றே என்று மழுப்ப மாட்டோம். வழி வேறு, கணக்கு ஒன்று. அந்தக் கணக்கை முதலில் போட்டவர்களின் பெயரைத் தேர்வில் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் ஆத்திரம்.

பட்டம் வாங்கினார் என்கிறார்கள். ஆமாம், வாங்கினார். ராவ் சாகிப், ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர். நீதிக்கட்சியில் சர் இல்லையா, ராஜா இல்லையா? அவர்களுக்குச் சிலை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, ரோடு இருக்கிறது. பட்டத்துக்காக அவர்களை யாரும் துரோகி என்று எழுதுவதில்லை. வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், ஜார்ஜ் மன்னரைச் சந்திக்கும் இடத்தில் தன் சட்டையில் பறையன், தீண்டப்படாதவன் என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வால் பிடிக்கப் போகிறவன் அதைக் குத்திக்கொண்டா போவான்?

எங்கள் பக்கத்துக் கோளாறையும் சொல்லவேண்டும். ஜூலை 7 அவர் பிறந்தநாளில் நம் ஆட்கள் மேடை போடுகிறார்கள். இரண்டு மணிநேரம் பேசுகிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஒன்றுதான்: ‘காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர்.’ பெரிய கைதட்டல். 1900இல் லண்டன் போகப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவில் தங்கி, நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அங்கே அது நடந்தது. இருக்கட்டும். ஆனால் ஏழு வருடம் பத்திரிகை நடத்தி, அபராதம் கட்டி, 112 அடி மனு தயாரித்தவருக்கு காந்தியின் வாத்தியார் என்பதுதான் பெருமையா? அவருக்கான மணிமண்டபத்தைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்திலேயே வைத்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பூனாவை நினைத்துக்கொள்வோம். இன்னும் சிலர் அவரைத் தங்கள் சங்கத்து பேனரின் மூலையில் ஒட்டி, மீசையைக் கறுப்பாக்கி, சாதிப் பெருமைக்குக் காவல் தெய்வமாக நிறுத்துகிறார்கள். இதுவும் ஒருவகைச் சிவப்பு மைதான். படிக்காமல் கும்பிடுவது.

படித்தால் என்ன கிடைக்கும்? நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதிய அறிக்கைதான் 1892 செப்டம்பர் 30இல் பஞ்சமி நில ஆணைக்கு வழி திறந்தது. குடியிருக்கும் குடிசையின் தரையே தனதில்லை, மிராசுதார் சொன்னால் காலி செய்யவேண்டும் என்ற நிலைமையை அந்த அறிக்கை பேசியது. அடுத்த வருடம் ‘பறையன்’ வருகிறது. கோழியாளத்தில் பிறந்தவரின் பத்திரிகை என்பது தற்செயல் அல்ல. எந்த மண்ணைப் பற்றி அறிக்கை எழுதப்பட்டதோ அதே மண்ணிலிருந்து ஆசிரியரும் வந்தார். அந்த நிலம் என்ன ஆனது? 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். நூறு வருடம் கழித்தும் அதே நிலம், அதே மாவட்டம். அந்தத் தியாகிகளுக்கு அக்டோபரில் மெழுகுவத்தி ஏற்றுகிற தோழர்கள், 1892க்கும் 1893க்கும் போய்ப் பார்க்கவேண்டாமா?

தெருவை எடுத்துக்கொள்வோம். இது கோயில் ஊர். எந்தச் சாமி எந்த வீதியில் எப்போது வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வரதர் கோயிலில் யார் முதலில் ஓதுவது என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். அதுவும் ஊருக்குப் பெருமைதான் போலிருக்கிறது. அந்த வீதிகளில் நடக்கவே உரிமை இல்லாதவர்களுக்காக எந்த வழக்கும் அப்போது போடப்படவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி, 1923இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போன சீனிவாசன், அடுத்த வருடமே தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களை யாரும் தடுக்கக்கூடாது. அரசும் அதை ஏற்று ஆணை போட்டது. ஆர்.வீரையன், எம்.சி.ராஜா என்று சபையில் இன்னும் சிலர் இதே கேள்வியை விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நாம் இன்றைக்கு ராஜ வீதியில் செருப்போடு நடப்பது யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல. அந்த ஆணையைத் தண்டோரா போட்டு ஊர் ஊராகச் சொல்லவேண்டியிருந்தது. சொன்ன பிறகும் பல ஊர்களில் அமலாகவில்லை. தேர் எங்கள் தெருவுக்கு வராது என்று இப்போதும் சமாதானக் கூட்டம் போடுகிற தாசில்தார்கள் அதைப் படித்திருக்கிறார்களா என்று சந்தேகம்.

பட்டையும் எடுத்துக்கொள்வோம், சுருக்கமாக. காந்தி ரோட்டுக் கடைகளில் தொங்கும் சேலையைப் பார்த்து நெசவு என்றால் இன்னின்ன சாதி என்று ஊர் சொல்லும். நெசவுத் தொழிலையே செய்த பறையர்கள் தமிழகத்தில் கோலியர் என்ற பெயரில் இருந்ததை தர்ஸ்டனின் தொகுப்பில் பார்க்கலாம். சுற்றுக் கிராமங்களின் சேரிகளில் இன்றைக்கும் கூலிக்குத் தறியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். சேலையின் விலைச்சீட்டில் அவர்கள் பெயர் வராது. ஊரின் நெசவுக் கதையில் எப்படியோ, ஊரின் பத்திரிகைக் கதையிலும் அப்படித்தான்.

பூனாவைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் வட்டமேசையில் அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து தனித் தொகுதி கேட்டவர்கள். 1932 செப்டம்பர் 24இல் காந்தியின் உண்ணாவிரதத்துக்கு முன்னால் வேறு வழியின்றிப் போடப்பட்ட கையெழுத்துகளில் அவருடையதும் ஒன்று. அதன் விளைவை நாம் வாக்குச்சாவடியில் அனுபவிக்கிறோம். காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி ரிசர்வ் தொகுதி, மதுராந்தகம் சட்டமன்றத் தொகுதியும் அப்படியே. வேட்பாளர் நம்மவர், ஆனால் ஜெயிக்கவைக்கும் வாக்கு ஊர்த்தெருவில் இருக்கிறது. எந்தக் கட்சியானாலும் அந்த இருக்கையில் உட்கார்கிறவர் தேர்ப் பிரச்சினையில் வாய் திறக்க ஏன் நூறுமுறை யோசிக்கிறார் என்பதற்கு விடை அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. 1935இல் மதம் மாறுவதாக அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் இந்துக்களே அல்லர், வருணத்துக்கு வெளியே இருப்பவர்கள், பிறகு எதிலிருந்து வெளியேறுவது என்று கேட்டவரும் சீனிவாசன்தான். அம்பேத்கரோடு முரண்பட்டவர் என்பதற்காக அவரை ஒதுக்குகிற தோழர்களும் உண்டு. இரண்டு தலைவர்கள் வாதம் செய்தால் நமக்கு இரண்டு மடங்கு படிப்பு. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

வட்டமேசையில் இருவரும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தை மட்டுமாவது எல்லோரும் ஒருமுறை படியுங்கள். அதில் ஒரு பகுதி சமூகப் பகிஷ்காரத்தைக் குற்றமாக்கச் சொல்கிறது. உரிமை கேட்டவனுக்கு வீடோ நிலமோ கொடுக்க மறுப்பது, வேலை தர மறுப்பது, கொடுக்கல் வாங்கல் நிறுத்துவது எல்லாம் பகிஷ்காரம் என்று வரையறுத்து, பர்மாவில் 1922இல் வந்த சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டுகிறது. புகார் கொடுத்த மறுநாள் மளிகைக் கடையில் அரிசி இல்லை, டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது, அறுவடைக்கு வெளியூர் ஆள் வந்தாயிற்று என்ற கதையை எத்தனை கிராமங்களில் கேட்டிருக்கிறோம்! 1989 வன்கொடுமைச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றமாகச் சேர்ந்தது 2015 திருத்தத்தில்தான். 1930இல் எழுதிக் கொடுத்ததற்கு 85 வருடம் கழித்து. எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவைப் போடச் சொல்லிக் காவல் நிலையத்தில் மல்லுக்கட்டுகிற நம் தோழர்களுக்கு இந்த வருடக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும். அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டாமவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதும்.

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் அவருக்குச் சிலை கேட்கவில்லை. சிலை வைத்தால் கூண்டு போடுவார்கள், கூண்டுக்குப் பூட்டுப் போடுவார்கள். செப்டம்பர் 15க்கு வைக்கிற மைக் செட்டை மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் அவருடைய ‘ஜீவிய சரித்திரச் சுருக்கம்’ இருக்கட்டும். 1939இல் வந்த சின்னப் புத்தகம் அது, ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பத்திரிகை வரலாறு நடத்தும்போது ‘சுதேசமித்திரன்’ பெயருக்குப் பக்கத்தில் ‘பறையன்’ என்றும் கரும்பலகையில் எழுதுங்கள். முழுதாக எழுதுங்கள், முதல் எழுத்தும் புள்ளியும் வைத்து மழுப்பவேண்டாம்.

அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. ‘பறையன்’ இதழின் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. ஆனால் சுதேசப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணித்த வெள்ளை அரசு, அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாகத் தொகுத்து வைத்தது. உளவு பார்க்கத் தொகுத்ததில்தான் நம் ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். கல்லூரியிலிருந்து ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பாக ‘19ஆம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்கள்’ என்று போட்டால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். உள்ளே போனதும் 1893 முதல் 1900 வரையிலான சுதேசப் பத்திரிகை அறிக்கைகளைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் எட்டுப் பேர் போதும். 1894ஐ நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம், மீதி ஏழு காலியாக இருக்கிறது.